10 மாதக் குழந்தையோடு மும்பையிலிருந்து கப்பல் பயணம்: போகலாமா? என்னென்ன எடுத்துக்கொள்வது?

செம்பூர்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் மாமனார் மாமியாருக்கு நாற்பதாவது கல்யாண நாள். வழக்கம்போல ஹோட்டல் சாப்பாட்டோடு முடித்துவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஆனால் வீட்டுக்காரர் திடீரென்று எல்லோரும் கப்பலில் போகலாம் என்று கிளம்பிவிட்டார். மும்பையில் ஏறி, கோவா போய்விட்டு மும்பைக்கே திரும்பும் இரண்டு இரவுப் பயணம். பெரியவர்கள் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். பையனுக்கு அப்போது பத்து மாதம் முடிந்திருக்கும்.

இன்னும் பணம் கட்டவில்லை, இந்த வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். என் கவலை எல்லாம் மூன்று விஷயம்தான். ஒன்று சாப்பாடு: தாய்ப்பாலோடு இரவில் ஒரு வேளை பவுடர் பால், பகலில் ராகிக் கூழ், பருப்பு சாதம், இட்லி. இரண்டாவது தூக்கம்: பையன் தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குவான், மெத்தையில் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். மூன்றாவது, கடலில் இருக்கும்போது வாந்தி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் என்ன செய்வது. இதில் அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "இந்த வயதில் எதற்கு" என்று சொல்பவர்களும் சொல்லலாம், எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முலுண்டு_அப்பா

போகலாம். எங்கள் மகள் நடக்க ஆரம்பிக்கும் முன்பு அழைத்துப் போனோம், இப்போது நினைத்தால் அதுதான் சரியான வயது என்று தோன்றுகிறது. நடக்கப் பழகிய குழந்தையைக் கப்பலில் துரத்துவது வேறு வேலை.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதம் முடியாத குழந்தையை ஏற்றுவதில்லை. பல நாட்கள் கரையே தொடாமல் போகும் நீண்ட பயணம் என்றால் அதுவே பன்னிரண்டு மாதமாகிவிடும். கோவா பயணத்துக்குப் பத்து மாதம் தடையாக இருக்காது, இருந்தாலும் பணம் கட்டும் முன் வயது விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் கட்டணம் குறைவுதானே என்று கணக்கில் சேர்க்காமல் விடவும் முடியாது. அறையில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையில் கைக்குழந்தையும் ஒரு தலைதான். அதனால் நீங்கள் இரண்டு பேரும் பையனும் ஒரு அறை, பெரியவர்களுக்குப் பக்கத்து அறை என்று சேர்த்தே பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டால் ஒரு அறை முன்பக்கம், இன்னொன்று வால்பக்கம் என்று கிடைக்கும், பாட்டியிடம் குழந்தையைக் கொடுக்க ஒவ்வொரு முறையும் கப்பலின் முழு நீளமும் நடக்க வேண்டும்.

அறை தேர்வில் நான் பால்கனிக்கு ஆசைப்பட மாட்டேன். கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலையே எடுத்துக்கொண்டால், அது 1990இல் கட்டியது, முன்பு ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனத்திடம் இருந்தது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகளே கொஞ்சம்தான், மற்ற அறைகளும் சிறியவை. குழந்தை இருக்கும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாக உட்காரவா முடியும்? கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஓர் அறை எடுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. அதைவிட முக்கியம், மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தளமா என்று வரைபடத்தில் பாருங்கள். இசை நிகழ்ச்சி நடக்கும் கூடத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தால் நள்ளிரவு வரைக்கும் டமால் டமால்தான். ஜன்னல் இல்லாத உள்ளறை கூடக் குழந்தைக்கு நல்லது என்பேன், பகல் தூக்கத்துக்குக் கும்மிருட்டு கிடைக்கும், கூடவே ஒரு சின்ன இரவு விளக்கு வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஏறும் நாள். செம்பூரிலிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவே பிடித்து ஆரஞ்சு கேட்டில் இறங்கினால் கப்பல் ஏறும் பல்லார்ட் பியர் பக்கம்தான், வழி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. உள்ளே போன பிறகுதான் பொறுமை வேண்டும். பெரிய பெட்டிகளை வாசலிலேயே சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும், சில சமயம் கப்பல் கிளம்பிய பிறகுதான் வரும். அதனால் அன்றைய பொழுதுக்கான டயப்பர், பால், இரண்டு செட் துணி, மருந்து, ஒரு மெல்லிய போர்வை எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. பெட்டி எப்போது வரும் என்று வராந்தாவில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த எத்தனையோ அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஏ.சி. குளிர் கடுமை, குல்லாய் ஒன்றும் அதே பையில்.

தள்ளுவண்டி எடுப்பதாக இருந்தால் குடைபோல ஒடுங்கி மடியும் சின்ன வண்டிதான். அறைக் கதவு குறுகல், வராந்தாவில் நிறுத்தி வைக்க விடமாட்டார்கள், பெரிய வண்டி அறைக்குள் வந்தால் நீங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மாட்டுங்கா_மாமி

நான் அந்தப் பாதிப் பேர் பக்கம். பணம் நிறைய, இடம் குறைவு, குழந்தைக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஆனால் இது பெரியவர்கள் கல்யாண நாளுக்காக என்கிறாய், அதனால் மேலே பேசவில்லை. போவதென்றால் தூளி விஷயத்தை இப்போதே கையில் எடு.

கப்பல் அறைக் கூரையில் கொக்கி கிடையாது. வீட்டில் வைத்திருக்கும் ஸ்பிரிங் தூளி ஸ்டாண்டு அறைக்குள் நுழையவே நுழையாது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, அது தாராளம். முதல் வாரம் வழக்கம்போலத் தூளியில் ஆட்டு, ஆனால் கண் சொக்கியதும் ஆட்டுவதை நிறுத்தி, தூளியிலேயே ஆடாமல் தூங்கவிடு. அது பழகியதும் பகல் தூக்கத்தை மட்டும் பாயில் அல்லது கட்டிலில் போடு, பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடு. இரவுத் தூக்கத்தைக் கடைசியில் மாற்று. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் அவனும் தூங்க மாட்டான், நீங்களும் தூங்க மாட்டீர்கள். கப்பலில் குழந்தைக் கட்டில் கொடுப்பார்கள், அதில் உன் பழைய காட்டன் புடவையை விரித்துவிடு, வாசனைக்கே பாதி அடங்கிவிடுவான்.

குளிப்பாட்டுவதையும் யோசித்துக்கொள். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட அந்தக் குளியலறையில் இடமே இல்லை, ஒரு ஆள் நிற்கும் அளவு ஷவர் மூலைதான். மாமியார் ஆசைப்பட்டாலும் அந்த இரண்டு நாள் எண்ணெய் வேண்டாம், ஆடுகிற தரையில் வழுக்கும் குழந்தையைப் பிடிப்பது விளையாட்டு இல்லை. வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாலே போதும். காற்றடிக்கும் சின்னத் தொட்டி கடைகளில் கிடைக்கிறது, அதை ஷவருக்கு அடியில் வைத்தும் சமாளிக்கலாம்.

தூத்துக்குடி_கப்பல்காரன்

வணக்கம் அக்கா. நான் ஊர் தூத்துக்குடி, வீடு இப்போது கோலிவாடாவில், வேலை சுற்றுலாக் கப்பல்களில் அறைப் பராமரிப்பு. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், விதிகள் எல்லாக் கப்பலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அறையைச் சுத்தம் செய்பவன் பார்வையில் சில விஷயம்.

குழந்தைக் கட்டிலைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். எண்ணிக்கை குறைவு, ஏறிய பிறகு கேட்டால் முதலில் கேட்டவர்களுக்குப் போயிருக்கும். ஏறியதும் அறைக்கு வரும் பையனிடம், அதாவது எங்களில் ஒருவரிடம், இரண்டு பெரிய கட்டில்களையும் சேர்த்துச் சுவரோடு தள்ளிப் போடச் சொல்லுங்கள், மறுபக்கம் குழந்தைக் கட்டிலுக்கு இடம் கிடைக்கும். நாங்கள் செய்து தருவோம், கேட்பதற்குத்தான் யாரும் கேட்பதில்லை. மேசையில் இருக்கும் கண்ணாடி டம்ளர், சின்னக் குளிர்பெட்டியில் இருக்கும் பாட்டில்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லலாம், அந்த இடத்தில் நீங்கள் பால், தயிர் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டி வீட்டு ஃபிரிட்ஜ் அளவு குளிராது, அதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்து வைத்த தாய்ப்பாலை அதில் நாள் கணக்கில் வைக்காதீர்கள்.

டயப்பரைக் கழிவறையில் போடவே கூடாது, ஈரத் துணித் தாளும்தான். எல்லாம் காற்றை உறிஞ்சி இழுக்கும் குழாய், ஒரு அறையில் அடைத்தால் அந்த வரிசையே நின்றுவிடும். அந்த ஃபிளஷ் சத்தம் பெரியது, பாதிக் குழந்தைகள் முதல் தடவை கேட்டதும் வீறிட்டு அழும். குழந்தையை வெளியே தூக்கி வந்துவிட்டு அழுத்துங்கள்.

மின்சாதனம்: கெட்டில், இஸ்திரிப்பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, குட்டி ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் கூடாது. கப்பலில் எல்லோரும் பயப்படுவது தீக்கு மட்டும்தான். ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போது திருப்பிக் கொடுப்பார்கள். பாட்டில் ஸ்டெரிலைசர், நெபுலைசர் மாதிரி ஏதாவது வேண்டும் என்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் பொதுவாக ஏற்ற விடுவதில்லை. முத்திரை பிரிக்காத குழந்தை உணவுக்குப் பிரச்சினை வராது. வீட்டில் அரைத்த சத்துமாவு, ராகி மாவு எடுக்கிறீர்கள் என்றால் சின்ன டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி, அதையும் மின்னஞ்சலில் முன்பே கேட்டுவிடுங்கள்.

அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலைந்து வாங்கி வந்தால் ஈரத் துணி, பை, தொப்பி எல்லாம் மாட்டலாம். இதுவரைக்கும் நான் பார்த்த குடும்பங்களில் விவரமானவர்கள் எல்லோரும் இதை வைத்திருந்தார்கள்.

நீச்சல் குளம் பற்றி யாரும் சொல்லவில்லை. டயப்பர் போடும் குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பராக இருந்தாலும். குளத்தில் குழந்தையைப் போட்டுப் படம் எடுப்பது என்று திட்டம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சில பெரிய கப்பல்களில் குட்டிக் குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் இருக்கும், எல்லாவற்றிலும் இல்லை.

கடைசியாக லைஃப் ஜாக்கெட். அறைக்குள் நுழைந்ததும் முதலில் அலமாரியைத் திறந்து பாருங்கள், பெரியவர்களுடையதுதான் இருக்கும். கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தப்படி 24 மணி நேரத்துக்கு மேல் போகும் பயணிகள் கப்பலில் ஏறியிருக்கும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் குழந்தை அளவு ஜாக்கெட் இருந்தே ஆக வேண்டும். 15 கிலோவுக்குக் கீழே, ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரம் என்றால் அந்த அளவு. கேட்டு வாங்கி அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிடும்போது குழந்தை தூங்குகிறான் என்று ஒருவர் அறையில் தங்கிவிட முடியாது, எல்லோரும் வர வேண்டும். தாத்தா பாட்டி எந்த இடத்தில் கூட வேண்டும், குழந்தை யார் கையில் இருக்கும் என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள்.

செம்பூர்_அம்மா

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. மாமி, இன்றிலிருந்தே தூளி ஆட்டுவதைக் குறைக்க ஆரம்பித்துவிட்டேன், முதல் நாள் கச்சேரி பலமாக இருந்தது.

கெட்டில் கூடாது என்றால் பவுடர் பாலுக்கு வெந்நீர்? மாமியார் ரைஸ் குக்கர் கொண்டுவருவதாகவே இருந்தார், இந்தப் பதிலைக் காட்டி நிறுத்தினேன். அப்புறம் இன்னொன்று: வீட்டுக்காரர் இப்போது "இரண்டு இரவுக்கு எதற்கு, லட்சத்தீவு போய்விடலாமே" என்கிறார்.

தூத்துக்குடி_கப்பல்காரன்

லட்சத்தீவு இப்போது வேண்டாம் அக்கா, என் கருத்து. மும்பையிலிருந்து அங்கே இருக்கும் அகத்தித் தீவுக்குப் போக ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டி கடல்தான், திரும்பும்போதும் அப்படியே. அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகுக்கு மாறித்தான் தீவுக்குப் போக வேண்டும். அலை ஏறி இறங்கும் நேரத்தில் கப்பலுக்கும் படகுக்கும் நடுவே குழந்தையைக் கைமாற்ற எங்கள் ஆட்கள் உதவுவார்கள், இருந்தாலும் பத்து மாதக் குழந்தையோடு நான் என் தங்கையை அனுப்ப மாட்டேன். கடல் கொஞ்சம் கூடுதலாக ஆடினால் படகையே ரத்து செய்துவிடுவார்கள், பிறகு தீவைக் கப்பலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோவாவில் மார்முகாவ் துறைமுகத்தில் நேராகக் கரையோடு நிற்கும், படிக்கட்டில் இறங்கி நடந்து போகலாம். குழந்தைக்கு வெயிலில் ஊர் சுற்றுவது ஒத்துவராது என்றால் இறங்காமலும் இருக்கலாம். எல்லோரும் ஊர் பார்க்கப் போய்விட்ட கப்பல் மாதிரி அமைதியான இடம் வேறு இல்லை, உணவுக் கூடமும் காலியாக இருக்கும்.

ஜனவரி நல்ல மாதம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மழைக்காலத்தில் இந்தப் பக்கம் கடல் கொந்தளிப்பு, பெரும்பாலும் சுற்றுலாக் கப்பல் ஓட்டுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் புயல் பயம் உண்டு, 2021 மே மாதம் வந்த டவ்தே புயல் மும்பைக்காரர்களுக்கு மறந்திருக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் பெரும்பாலும் அமைதி.

வெந்நீருக்கு நல்ல ஃபிளாஸ்க் இரண்டு எடுத்து வாருங்கள். உணவுக் கூடத்தில் டீ, காபிக்கான கொதிநீர் கிடைக்கும், இரவு படுக்கும் முன் நிரப்பிக்கொள்ளலாம். சமையல் ஆட்களிடம் காலையிலேயே சொன்னால் உப்பு காரம் இல்லாமல் பருப்பும் குழைந்த சாதமும் கொடுப்பார்கள். இந்தியப் பயணிகள் ஏறும் கப்பலில் இட்லி, தயிர் சாதம் எல்லாம் சாதாரணம்.

சயான்_நர்ஸ்

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன், அதனால் மருந்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன். உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, எல்லாவற்றையும் அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் பயத்தைக் குறைக்கிறேன். கடல் ஆட்டத்தால் வரும் வாந்தி இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அபூர்வம். இரண்டு வயதுக்கு மேலே பன்னிரண்டு வரைக்கும்தான் அதிகம். உங்கள் வீட்டில் வாந்தி எடுக்கப் போவது யாராவது என்றால் அது நீங்களோ மாமனாரோதான். ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த அவோமின் மாத்திரையைப் பொடித்தோ, ஃபெனர்கன் சிரப்பையோ "கொஞ்சம் கொடுத்தால் தூங்கிவிடுவான்" என்று யாரும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டிலும் இருப்பது புரோமெத்தசின். இரண்டு வயதுக்குக் கீழே அது மூச்சையே அடக்கிவிடக்கூடும், அதற்காகவே அமெரிக்க மருந்துத் துறை 2004இல் கடுமையான எச்சரிக்கை போட்டது. பயணத்தில் குழந்தையைத் தூங்க வைக்க எந்த மருந்தும் வேண்டாம். பால் கொடுக்கும் அம்மா என்பதால் உங்களுக்கான வாந்தி மாத்திரையையும் டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள். இஞ்சி மொரப்பா பெரியவர்களுக்குச் சரி. மாமியார் வசம்பு கொண்டுவந்தால் அது பெட்டியிலேயே இருக்கட்டும், உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுத்துப் போவீர்கள். இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. துளி மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 250. துளி மருந்தைச் சிரப்பின் அளவில் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு முதல் நாலு மடங்கு வரை போய்விடும். எந்தப் பாட்டிலை எடுக்கிறீர்களோ அதிலேயே, இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி ஒட்டிவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் மாமனார் கொடுத்தாலும் தவறாது.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பெரிய பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாக அல்ல, கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். கடையில் பழச்சுவையோடு டெட்ரா பேக்கில் விற்பது அது இல்லை, அதில் சர்க்கரைதான் அதிகம். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் அதற்குப் பெரும்பாலும் நோரோவைரஸ்தான் காரணம். வாசலில் வைத்திருக்கும் கைச் சுத்திகரிப்பான் அதன்மேல் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். மடக்கு மேசையில், லிஃப்ட் கைப்பிடியில், பொம்மையில் என்று எங்கே தொட்டாலும் பையன் கையை வாயில் வைக்கும் வயது. சாப்பாட்டுக்கு முன் நீங்கள், தாத்தா, பாட்டி எல்லோரும் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

பவுடர் பாலுக்கு வெந்நீர் என்றால் வெதுவெதுப்பு போதாது, 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஏனென்றால் மாவிலேயே கிருமி இருக்க வாய்ப்புண்டு. நல்ல கொதிநீராக நிரப்பி, சூடு குறையும் முன் கலக்கி, பாட்டிலை ஓடும் குளிர்ந்த நீரில் ஆற்றிக் கொடுங்கள். நடு இரவுக்கு என்று முன்கூட்டியே கலக்கி வைக்காதீர்கள். ஒரு வயது முடியும் வரைக்கும் தேன் ஒரு சொட்டுக் கூட வேண்டாம், உணவுக் கூடத்தில் யாராவது அன்பாகப் பான்கேக்கை நீட்டுவார்கள்.

மாமி சொன்ன புடவை யோசனை நல்லது, ஆனால் கட்டிலில் தளர்வாக விரிக்காமல் மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் இறுக்கிச் செருகுங்கள். தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். ஏ.சி. குளிருக்குப் போர்வையை விட முழுக்கை உடையே பாதுகாப்பு.

9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி முடிந்ததா? பயணத்துக்கு முன் அதைப் போட்டிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஃப்ளூ ஊசியும் போடலாம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் குழந்தை மருத்துவராக இருக்க மாட்டார், கட்டணமும் அதிகம். பயணக் காப்பீட்டில் கடலிலிருந்து கரைக்கு அவசரமாகக் கொண்டுவரும் செலவும் அடங்குமா என்று பார்த்து எடுங்கள். குழந்தைக்கு அந்த வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பணம் போனாலும் ஏறாதீர்கள்.

வாஷி_வாசி

பேப்பர் விஷயம் யாரும் சொல்லவில்லையே. உள்நாட்டுப் பயணம்தான், குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் அசல் எடுத்துப் போங்கள், ஐந்து வயதுக்குக் கீழே எடுக்கும் நீல நிறப் பால் ஆதார் இருந்தால் அதையும். இல்லாவிட்டால் இப்போதே எடுத்துவிடுங்கள், அதற்குக் கைரேகை எல்லாம் கேட்பதில்லை. நாளைக்கு சிங்கப்பூர் கப்பல் என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தால் பாஸ்போர்ட் வேண்டும், சிறுவர்களுக்கு அது ஐந்து வருடம்தான் செல்லும். வெள்ளைப் பின்னணியில் கண் திறந்த குழந்தைப் படம் எடுப்பதற்குள் ஒரு கப்பல் பயணமே முடிந்துவிடும்.

இன்னொரு யோசனை, நாங்கள் செய்தது. பாவுசா தக்காவிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வாவுக்கு ரோ-ரோ படகு, அதாவது வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும் பெரிய படகு, போகிறது, ஒரு மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனையும் அதே கைப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டு வாருங்கள். பெரிய கப்பல் ஆட்டமும் இதுவும் வேறுதான், ஆனால் காற்று, என்ஜின் சத்தம், கூட்டம் இதற்கெல்லாம் பையன் எப்படி இருக்கிறான், பையில் எது வேண்டும், எதைச் சும்மா சுமந்தோம் என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். ரொம்ப முக்கியம், யாருக்கு வாந்தி வருகிறது என்றும் தெரிந்துவிடும்.

செல்போனை ஏறியதும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கரை மறைந்ததும் கப்பலின் சொந்த நெட்வொர்க் பிடித்துக்கொண்டு ரோமிங் பில் ஏறும். தாலாட்டுப் பாட்டு ஓட்டித்தான் தூங்க வைக்கிறீர்கள் என்றால் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முலுண்டு_அப்பா

ரோ-ரோ யோசனை அருமை. ஒன்று சேர்க்கிறேன். இரவு உணவுக்கு இரண்டு நேரம் இருந்தால் முதல் நேரத்தை எடுங்கள். ஏழு மணிக்குப் பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் குழந்தையை ஒன்பது மணி மேசைக்குத் தூக்கிப் போவது வீண் வேலை. நிகழ்ச்சிகளை நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு இரவு, பெரியவர்கள் ஒரு இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அறையில் இருந்தால் போதும்.

செம்பூர்_அம்மா

முடிவு செய்துவிட்டோம்: கோவாதான், லட்சத்தீவு இல்லை. நடுத்தளத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டு, இரண்டும் உள்ளறை. குழந்தைக் கட்டில், சத்துமாவு, குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன், கட்டிலுக்கு மட்டும் இதுவரை பதில் வந்திருக்கிறது. தட்டம்மை ஊசிக்கு அடுத்த மாதம் தேதி வாங்கிவிட்டோம். மாண்ட்வா போகிற ஞாயிறு மாமனாரும் வந்துவிடுவார். தம்பி, ஒரு கேள்வி: ஃபிளாஸ்க்கில் கொதிநீர் நிரப்ப இரவு எத்தனை மணி வரைக்கும் உணவுக் கூடம் திறந்திருக்கும்?

தூத்துக்குடி_கப்பல்காரன்

கப்பலுக்குக் கப்பல் மாறும் அக்கா. ஏறிய அன்றே கேட்டுவிடுங்கள். மூடியிருந்தால் அறைச் சேவைக்கு ஃபோன் போட்டு, குழந்தைப் பாலுக்குக் கொதிநீர் என்று சொல்லுங்கள். டீக்கு என்று சொன்னால் சின்ன ஜாடியில் ஆறிப்போய் வரும்.